தலைக்கு மேலே மழை மட்டும்

“நெருப்பை நூருங்க, அணைச்சிடுங்க எண்டு சொல்றன்!”

“அதைச் சொல்லுறதுக்கு நீங்கள் ஆர் அண்ணை? முதல் கீழை இறங்குங்கோ!”

“இறங்குறன். நீங்களும் இறங்குங்க. அம்மாவையும் இறக்குங்க. காஸ் மணக்குது.”

“அது காஸ் இல்லை, சாம்பிராணி.”

“சாம்பிராணியும் கொளுத்தி வச்சிருக்கிறீங்களா? கடவுளே!”

அடுத்த நொடி அந்த இளைஞன் கையை நீட்டினான். அடுப்பின் மேல் புத்தம்புதுச் சட்டியில் பால் எழும்பிக்கொண்டிருந்தது. எழும்பி, எழும்பி, விளிம்புக்கு ஒரு விரல் கீழே நுரை கட்டி நின்றது. இதோ... இதோ... பொங்கப் போகிறது... அவன் ஒரு துணிகூடப் பிடிக்காமல் வெறுங்கையால் சட்டியைத் தூக்கினான். மற்றக் கை அடுப்பின் திருகை மூடியது. சாம்பிராணித் தட்டு கழுவு தொட்டிக்குள் விழுந்து ‘சுர்ர்’ என்று அணைந்தது.

பால் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கி, சட்டியின் பாதிக்குப் போய்விட்டது.

“ஐயோ!” என்று தலையில் கை வைத்தாள் தாய் புனிதவதி. “பொங்கேல்லை! பால் பொங்கேல்லை, துர்க்கா!”

துர்க்காவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. திரும்பினாள். நல்லதாக நாலு வார்த்தை கேட்கத்தான் திரும்பினாள். ஆனால் முதலில் கண்ணில் பட்டது அவன் கண்கள். கறுத்து அடர்ந்த இமைகளுக்குக் கீழே, அகலத் திறந்த கண்கள். அவற்றில் பயம் இருந்தது... தனக்கான பயம் அல்ல. முன்பின் தெரியாத அவளுக்கான பயம். அவளுக்காக யாரும் அப்படிப் பயந்து அவள் பார்த்ததில்லை. நாலு வார்த்தையில் மூன்று மறந்துபோயிற்று.

“ஒரு செக்கன் பொறுத்திருக்கலாம்தானே!” என்றாள், மீதியிருந்த ஒன்றை எடுத்து.

“ஒரு செக்கன் பிந்தி நான் வந்திருந்தா, இப்பிடிக் கேக்கிறதுக்கு நீங்க இருக்கமாட்டீங்க.”

அது 1996ஆம் ஆண்டு, ஜூன் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமைக் காலை. இடம், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நீக்கிலாப்பிள்ளையின் பலசரக்குக் கடைக்குப் பின்னால் இருந்த வாகனத் தரிப்பிடம். அவர்கள் மூவரும் நின்றது ஒரு பழைய மோட்டார் வீட்டுக்குள்.

முன்பக்கம் பார்த்தால் அது லொறி. பின்பக்கம் பார்த்தால் வீடு. இருபத்திரண்டு அடி நீளம், இருபத்திரண்டு வயது. துர்க்காவைவிட நான்கு வயது இளையது. வெள்ளை உடம்பில் தோடம்பழ ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டை. உள்ளே இரண்டு கண் அடுப்பு, ஒரு குட்டிக் குளிர்பெட்டி, மடக்கினால் கட்டிலாகிவிடும் மேசை, சாரதி இருக்கைக்கு மேலே இன்னொரு படுக்கை, ஒருவர் உள்ளே போனால் திரும்பாமல் பின்னாலேயே வெளியே வரவேண்டிய குளியலறை... ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் கிளடிஸ் என்ற வெள்ளைக்கார மூதாட்டி, கணவர் போன பிறகு ஓட்ட ஆளில்லை என்று அதை விற்றாள். “இவள் பிடிவாதக்காரி. ஆனால் அன்பாகப் பேசினால் கேட்பாள்” என்று சொல்லி, திறப்பைத் துர்க்காவின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

“உனக்கென்ன விசரா?” என்று சொந்தம் முழுவதும் கேட்டது. ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருந்து தொலைபேசி எடுக்கும் பெண்ணுக்கு எதற்கு இந்தப் பெரிய வண்டி?

எதற்கென்று துர்க்காவுக்குத் தெரியும். ரொறன்ரோவுக்கு வந்த ஆறு வருடத்தில் அவளும் அம்மாவும் நான்கு பேஸ்மென்றுகளில், வீடுகளின் நிலத்தடி அறைகளில், இருந்துவிட்டார்கள். நான்கிலும் தலைக்கு மேலே யாரோ நடந்தார்கள். இப்போதைய வீட்டுக்காரர் நவரட்ணம் விடியற்காலையில் குதிகாலால் நடப்பார். அவர் மனைவியின் செருப்பு சமையலறைக்கும் கூடத்துக்கும் ‘சரக் சரக்’ என்று ஓடும். காலடியைக் கேட்டே இன்றைக்கு மேலே என்ன சமையல் என்று சொல்லிவிடுவாள் புனிதவதி. கீழே இவர்கள் மீன் பொரிக்கக் கூடாது. எட்டு மணிக்குப் பிறகு தண்ணீர் திறக்கக் கூடாது. உரக்கச் சிரித்தால்கூட மேலேயிருந்து ஒரு தட்டு!

“எங்கடை தலைக்கு மேலை ஒருத்தரும் நடக்காத இடம் ஒண்டு வேணும் அம்மா. ஒரு பெட்டி எண்டாலும் பரவாயில்லை.”

பெட்டிதான் கிடைத்தது. ஆனால் ஓடும் பெட்டி! நயாகரா, ஆயிரம் தீவு, மொன்றியலில் சித்தி வீடு... எல்லாரும் போகும் அந்த மூன்று இடத்தையும் தாண்டி, ஹலிபாக்ஸ் வரை, றோட்டு முடிந்து கடல் தொடங்கும் இடம் வரை அதில் போகவேண்டும் என்பது துர்க்காவின் ஆசை.

புனிதவதிக்கு அது வண்டியே அல்ல. இந்த நாட்டில் அவர்களுக்கென்று வந்த முதல் கூரை. புது வீடு என்றால் பால் காய்ச்ச வேண்டும். பால் பொங்கி வழிந்தால்தான் வீடு ஆட்களை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். அதற்காகவே ஒன்பது இருபதுக்கும் பத்துக்கும் இடையில் நல்ல நேரம் பார்த்து, பட்டுச்சேலை கட்டி, வண்டியின் நெற்றியில் சந்தனப் பொட்டும் வைத்துவிட்டு அவள் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் இவன்!

“அம்மா, காஸ் சிலிண்டர் பெட்டியின்ர திறப்பைத் தாங்க” என்றான் அவன். புனிதவதி தரவில்லை. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்குள் போய்விட்டாள். துர்க்காதான் கொடுத்தாள். அவன் சிலிண்டரை மூடிவிட்டு, கடையில் சவர்க்காரத் தண்ணீர் வாங்கி வந்தான். கதவு, யன்னல் எல்லாம் திறந்து காற்றோட விட்டான். பிறகு அடுப்புக்குக் கீழே படுத்து, குழாய் மூட்டில் நுரையைப் பூசி, சிலிண்டரை ஒரு கணம் மட்டும் திறக்கச் சொன்னான்.

“இஞ்ச வந்து பாருங்க.”

அவள் முழங்காலில் குனிந்தாள். அந்தச் சின்ன மூட்டிலிருந்து குமிழிகள் வந்தன. ஒன்று... இரண்டு... பிறகு மல்லிகை மொட்டுபோல் ஒரு கொத்து. வானவில் நிறத்தில் மினுங்கி மினுங்கி உடைந்தன. எவ்வளவு அழகு... எவ்வளவு பயங்கரம்!

அவன் பெயர் சிவரூபன். மட்டக்களப்புக்காரன். அங்கே அவர்களுடைய குடும்பத்துக்கு இரண்டு மினிபஸ் இருந்ததாம். இங்கே வீடு வீடாகப் போய் காஸ் சூடாக்கிகள் பூட்டுகிற வேலை. மீன் வாங்கக் கடைக்கு வந்தவனுக்குப் பின்கதவால் மணம் அடித்திருக்கிறது. சிலிண்டர் திருகில், தன் பெயரும் கம்பனி விலாசமும் தொலைபேசி எண்ணும் எழுதிய ஒரு சிவப்பு அட்டையைக் கட்டினான். அதைத் திருத்தும்வரை யாரும் திறக்கக் கூடாது.

நன்றி என்று சொல்ல வாய் திறந்தாள் துர்க்கா. அந்த நேரம் கடைக்குள்ளிருந்து அம்மா விம்முவது கேட்டது. வேறு வார்த்தைதான் வந்தது.

“சரி... பாத்திட்டீங்கள்தானே. இனி எங்கடை வண்டிப் பக்கம் வராதீங்கோ.”

அவன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். தலையாட்டிவிட்டு இறங்கிப் போனான். அவன் போன பிறகுதான் நினைவு வந்தது. அந்தச் சட்டியைத் தூக்கிய கை... அது சிவந்து வீங்கியிருந்ததல்லவா?

*

வண்டியின் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த தற்காலிக அனுமதிச் சீட்டு பத்து நாளைக்குத்தான் செல்லும். அதற்குள் எல்லாம் திருத்தி, ‘சேவ்ற்றி’ என்று ஆட்கள் சொல்லும் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கினால்தான் நம்பர் பிளேட். இல்லாவிட்டால்? “பத்து நாளைக்கு மேலை இஞ்சை நிக்க விடேலாது பிள்ளை. இந்தக் கடைத்தொகுதிப் பிளாசாக்காரன் இழுத்துக்கொண்டு போய் இரும்புக்குப் போட்டுடுவான்” என்று நீக்கிலாப்பிள்ளை முதலே சொல்லிவிட்டார். நவரட்ணத்தாரோ தன் வீட்டு வாசலில் அந்தப் பெட்டியின் நிழலே விழக் கூடாது என்றுவிட்டார்.

முதல் கூரை... பத்து நாளில் பழைய இரும்பா?

திங்கட்கிழமை ஒரு திருத்துநர் வந்து பார்த்துச் சிரித்தார். செவ்வாய்க்கிழமை வந்தவர் சிரிக்கவுமில்லை, பார்த்துவிட்டுப் போய்விட்டார். அன்று மாலையே முன்சில்லில் காற்றுப் போயிற்று.

“எல்லாம் உவன் செய்த வேலை” என்றாள் புனிதவதி. “பொங்கி வந்த பாலை இறக்கினவன்... இனி உந்த வீட்டிலை எது உருப்படும்?”

புதன்கிழமை மதிய இடைவேளையில், அவன் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலிருந்த டோனட் கடைக்குள் துர்க்கா நுழைந்தாள். கௌரவத்தைக் கைப்பைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டுதான் நுழைந்தாள்.

அவன் மூலை மேசையில் இருந்தான். வலது கையில் வெள்ளைக் கட்டு. இடது கையால் கோப்பிக் கோப்பையைப் பிடிக்கத் தடுமாறிக்கொண்டிருந்தான்.

“அண்ணை...”

நிமிர்ந்தான். மறுபடியும் அந்தக் கண்கள்! இன்றைக்கு அவற்றில் பயமில்லை. ஒரு சின்னக் குறும்பு.

“வண்டிப் பக்கம் வராதீங்கோ எண்டீங்க. கோப்பிக் கடைப் பக்கம் வரலாமா?”

“நக்கலடிக்காதீங்கோ. எனக்கு ஒரு உதவி வேணும். இடது பக்கச் சிக்னல் போட்டால் வலது பக்கம் மினுங்குது. ஹோர்ன் அடிச்சால் வைப்பர் ஆடுது. பிறேக் மிதிச்சால்... வண்டி யோசிச்சுப்போட்டுத்தான் நிக்குது.”

அவன் சிரித்துவிட்டான். சிரிக்கும்போது அவனுடைய கண்ணின் ஓரம் மூன்று கோடுகளாக மடிந்தது. எண்ணிவிட்டோமே என்று அவளுக்கே வெட்கமாகப் போயிற்று.

“பிறேக் எல்லாம் நான் பாப்பன். பஸ்ஸுக்குக் கீழ படுத்துத்தான் வளந்த நான். ஆனா ரெண்டு விஷயம். ஒண்டு, அண்ணை எண்டு கூப்பிடாதீங்க.”

“ஏன்?”

“எனக்கு மூண்டு தங்கச்சிமார் இருக்கு. போதும்.”

அவள் மேசையைப் பார்த்தாள். மேசையில் பார்க்க ஒன்றுமில்லை. இருந்தாலும் பார்த்தாள். “மற்றது?”

“அம்மா கூப்பிட வேணும். அம்மாக்குத் தெரியாம, கள்ளன் மாதிரி நான் வரமாட்டன். கேக்காம ஒருக்கா உள்ளுக்க வந்து பட்டது போதும்.”

“அவ கூப்பிடமாட்டா. உங்களுக்கு எங்கடை அம்மாவைத் தெரியாது!”

“அப்ப நானும் வர ஏலாது. உங்களுக்கு என்னைத் தெரியாது.”

எவ்வளவு திமிர்! கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். தெருவில் பாதி தூரம் போன பிறகுதான், தான் கோபத்தில் புன்னகைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

*

வியாழக்கிழமை பின்னேரம் மழை பிடித்தது. ரொறன்ரோ மழை... முதலில் ஒரு தயக்கம், பிறகு ஒரு கொட்டல். பஸ்சிலிருந்து இறங்கித் துர்க்கா ஓடினாள். அம்மா வண்டிக்குள்தான் இருப்பாள். பொங்காத வீடு என்று ஏசினாலும், வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் அதற்குள் சும்மா இருந்துவிட்டுத்தான் பேஸ்மென்றுக்குப் போவாள். கூரை ஒழுகும் இடத்தில் எல்லாம் சட்டி வைத்திருப்பாள்.

கதவை இடுப்பால் இடித்துத் திறந்தாள் துர்க்கா. அந்தக் கதவு அப்படித்தான், இடித்தால்தான் திறக்கும். உள்ளே மூன்று சட்டியில் மழை மூன்று விதமாகச் சொட்டியது. அம்மாவைக் காணோம். அடுப்புக்குக் கீழே இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

“அம்மா!”

“சத்தம் போடாதை. யன்னலெல்லாம் திறந்துதான் வச்சிருக்கிறன்.”

புனிதவதியின் ஒரு கையில் ரோர்ச் லைட். மற்றக் கையில் செம்பு நிறையச் சவர்க்கார நுரை. சிவப்பு அட்டையை அவிழ்த்து, சிலிண்டரைத் திறந்திருக்கிறாள்! துர்க்கா வெளியே பாய்ந்து, நனைந்து, திருகை மூடிவிட்டு வந்தாள்.

“ஏனம்மா இப்பிடிச் செய்தனீங்கள்?”

“உவன் பொய்யன் எண்டு காட்டத்தான் பூசினனான்.” அம்மா மெதுவாக எழுந்து நிலத்திலேயே சம்மணமிட்டாள். மூக்கு நுனியில் நுரை. “வந்துது பிள்ளை. முதல் ஒண்டு. பிறகு சளசளவெண்டு... என்ரை முகத்துக்கு நேரை.” புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். “அண்டைக்கு நான்தானே அடுப்பைப் பத்தவைச்சனான்... நீ எனக்குப் பக்கத்திலை நிண்டனி...”

“விடுங்கோ அம்மா.”

“அந்தப் பெடியன்ரை நம்பரை எடு.”

கடைக்குள் ஓடி, நீக்கிலாப்பிள்ளையின் தொலைபேசியில் துர்க்காவே எண்ணை அழுத்திக் கொடுத்தாள். அம்மா என்ன சொல்லப்போகிறாள்? மன்னிப்பா... அதட்டலா... புனிதவதி தொண்டையைச் செருமினாள்.

“தம்பி... கை எப்பிடி இருக்கு?”

*

வெள்ளிக்கிழமையிலிருந்து அந்த வாகனத் தரிப்பிடம் திருவிழாவாகிவிட்டது. சிவரூபன் வேலை முடிந்து நேராக வந்தான். முதலில் அந்தக் காஸ் மூட்டு. பிறகு பிறேக், சில்லு, சிக்னல். கட்டுப் போட்ட கையால் பிடிக்க முடியாததை எல்லாம் துர்க்காவின் கை பிடித்தது. ஒன்பது அளவுத் திருகுசாவிகளையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுக்கப் பழகிவிட்டாள்.

பழைய வண்டி என்பது ஒரு பெரிய குடும்பம்போல. ஒன்றைச் சமாதானப்படுத்தினால் மற்றது கோபித்துக்கொள்ளும். சிக்னலைத் திருத்தினார்கள்; உள்விளக்கு செத்துப்போயிற்று. உள்விளக்கைத் திருத்தினார்கள், குளிர்பெட்டி மூச்சை நிறுத்தியது. வண்டி சரிந்து நின்றால் அந்தக் குளிர்பெட்டி வேலை செய்யாதாம்! ஒரு பக்கச் சில்லுக்குக் கீழே பலகை வைத்து, மேசையில் ஒரு தோடம்பழத்தை வைத்துப் பார்த்தார்கள். அது உருளாமல் நின்றதும் பெட்டி ‘கும்ம்’ என்று பாடத் தொடங்கிற்று. மூவரும் கை தட்டினார்கள்.

“இந்த ஸ்குரூவ இறுக்குங்க... மறுகா அந்த வயரை இழுங்க... மறுகா...”

“பதினாலு.”

“என்ன பதினாலு?”

“இண்டைக்குப் பதினாலு மறுகா சொல்லிப்போட்டீங்கள். எங்கடை பக்கம் ‘பிறகு’ எண்டு ஒரு சொல் இருக்கு, தெரியுமோ?”

“எண்ணிக்கொண்டா இருந்த நீங்க? அவ்வளவு கவனமா என்னைக் கேக்கிறீங்களா?”

அவள் திருகுசாவியைத் தவறவிட்டாள். அது அவன் காலில் விழுந்தது. அவனுக்கு நல்லா வேணும்!

சனிக்கிழமை கூரைக்கு ஏறினார்கள். கறுத்த தார்ப்பசையை வெடிப்பு வெடிப்பாகப் பூசினார்கள். கீழே பிளாசா, அதற்கப்பால் மார்க்கம் றோட்டில் ஓடும் வாகனங்கள், அதற்கும் மேலே அகன்ற நீல வானம். அவள் மூக்கில் தார் பட்டிருந்தது. அவன் சொல்லவில்லை. அரை மணி நேரம் பார்த்துப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணாடியில் பார்த்தபோது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

ஞாயிறு மாலை மறுபடியும் மழை.

மூவரும் உள்ளே இருந்தார்கள். முதல் துளி கூரையில் விழுந்தது. இரண்டாவது... பிறகு ஆயிரம். துர்க்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தாள். ஒரு சொட்டு... ஒரே ஒரு சொட்டாவது... இல்லை! வெற்றுச் சட்டிகள் வெற்றாகவே இருந்தன. கூரை முழுவதும் மழை நடந்தது, ஓடியது, குதித்தது. அதைத் தவிர அவர்கள் தலைக்கு மேலே உலகத்தில் ஒருவரும் இல்லை.

புனிதவதி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு திடீரென்று சத்தமாகச் சிரித்தாள். ஆறு வருடத்தில் அம்மா அப்படிச் சிரித்துத் துர்க்கா கேட்டதில்லை. இந்தச் சிரிப்புக்கு மேலேயிருந்து தட்ட ஆளே இல்லை!

துர்க்கா சிவரூபனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்க்கவில்லை. மழை வழியும் யன்னலின் வெளிச்சம் அவன் முகத்தில் ஆடியது. அந்தக் கண்கள் அவளிலேயே நின்றன... நின்றன... அவளாலும் எடுக்க முடியவில்லை.

“தம்பி” என்றாள் புனிதவதி கண்ணைத் திறக்காமலே. “ஊரிலை நீங்கள் ஆற்றை பிள்ளை?”

துர்க்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாழ்ப்பாணத்துத் தாய் ஒருத்தி வயதுவந்த பெடியனிடம், யாருடைய பிள்ளை என்று கலியாண எண்ணம் இல்லாமல் சும்மா கேட்பதில்லை.

“மினிபஸ் மாமாங்கத்தின்ர மகன் அம்மா. செங்கலடி.”

“ம்...” அந்த ஒரு ‘ம்’மில் என்ன இருந்தது? விருப்பமா? யாழ்ப்பாணம் இல்லாமல் மட்டக்களப்பா என்ற இழுவையா? அவன் போன பிறகு துர்க்கா கேட்டாள்.

“ஏனம்மா அதைக் கேட்டனீங்கள்?”

“சும்மாதான்.”

“சும்மாவோ?”

“மழை விட்டிட்டுது. நட வீட்டை.”

*

பத்தாம் நாள், செவ்வாய்க்கிழமை. கராஜில் சேவ்ற்றி பார்க்கும் ஒரு தடித்த மனிதர் வண்டிக்குக் கீழே போனார். மேலே வந்தார். மறுபடியும் கீழே போனார். ஹோர்ன் அடித்தார், ஹோர்ன் மட்டும் அடித்தது. இடது சிக்னல் போட்டார், இடதே மினுங்கியது. பிறேக் மிதித்தார், வண்டி யோசிக்காமல் நின்றது. துர்க்கா தன்னை அறியாமல் சிவரூபனின் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். அந்த மனிதர் கடதாசியில் கையெழுத்துப் போட்டபோதுதான் அதை விட்டாள். சட்டைக் கை கசங்கிப்போயிருந்தது.

நம்பர் பிளேட் வந்தது. இரும்புக்குப் போகவிருந்த கூரைக்கு இப்போது பெயர் இருந்தது, எண் இருந்தது. சனிக்கிழமை காலை ஹலிபாக்ஸ் பயணம்!

புதன்கிழமை காலை, பல் வைத்தியரின் மேசையில் இருக்கும்போதுதான் துர்க்காவுக்கு அது உறைத்தது. எல்லாம் திருத்தியாயிற்று. அப்படியென்றால்... இனி அவன் ஏன் வரவேண்டும்?

அன்று மாலை அவள் வண்டிக்குள் தனியே இருந்தாள். கழுவு தொட்டிக்குக் கீழே தண்ணீர்ப் பம்ப். ஒரு சின்ன ‘கிளிப்’தான் குழாயைப் பிடித்திருந்தது. அவள் யன்னலால் அங்குமிங்கும் பார்த்தாள். ஸ்குரூட்ரைவரை எடுத்தாள். ஒரு சுற்று... இன்னொரு சுற்று...

“சிவரூபன்? நான் துர்க்கா. பம்ப் விக்குது. உடனை வர ஏலுமோ?”

வந்தான். குனிந்தான். அதிக நேரம் குனிந்தே இருந்தான். இறுக்கினான். தேநீர் குடித்தான். இருட்டுவதற்கு முன் போனான்.

வியாழக்கிழமையும் பம்ப் விக்கியது.

*

சனிக்கிழமை காலை வெயில் பளீரென்று அடித்தது. குளிர்பெட்டி பாடியது. புனிதவதி இடியப்பமும் சம்பலும் கட்டிவைத்துவிட்டுப் பின்னால் மேசையடியில் அமர்ந்து, யன்னல் சீலையைக் கிளிப் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். துர்க்கா சாரதி இருக்கையில். எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. கீழே, திறந்த கண்ணாடிக்கு வெளியே அவன்.

“எல்லாம் இதில எழுதியிருக்கன்.” ஒரு பாடசாலைக் கொப்பியை நீட்டினான். “ஏத்தத்தில எஞ்சின் சூடேறினா உள்ளுக்க ஹீட்டரைப் போடுங்க, சூடு இறங்கும். காத்தடிச்சா ரெண்டு கையாலயும் பிடிங்க. மறுகா... பம்ப். பம்ப்புக்கு மட்டும் ரெண்டு பக்கம் எழுதியிருக்கன்.”

இரண்டு பக்கமா! கொப்பியைத் திறந்தாள். படம் எல்லாம் கீறி, அம்புக்குறி போட்டு, அவ்வளவு அழகான எழுத்து. இனியும் மறைத்தால் பாவம்.

“பம்ப் பழுதாகாது” என்றாள்.

“எப்பிடித் தெரியும்?”

“பழுதாக்கினது நான்தான். ரெண்டு நாளும் நான்தான் கிளிப்பைக் கழட்டினனான்.”

சொல்லிவிட்டாள்! காது இரண்டும் பற்றி எரிந்தது. கொப்பிக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளலாமா என்று பார்த்தாள்.

“தெரியும்” என்றான்.

“...தெரியுமோ?”

“தானாக் கழண்ட கிளிப்பில ஸ்குரூட்ரைவர் கீறல் விழாது. புதன்கிழமையே கண்டிட்டன்.”

“பிறகேன் சொல்லேல்லை?”

அவன் தலையைக் குனிந்தான். காலால் ஒரு கல்லைத் தட்டினான். மூன்று கோடுகள் கண்ணோரத்தில் மெல்ல மடிந்தன.

“சொன்னா வியாழக்கிழமை நீங்க கழட்டமாட்டீங்களே...”

உலகத்தில் உள்ள எல்லா ஹோர்னும் ஒரேயடியாக அவள் நெஞ்சுக்குள் அடித்தன. சிரிக்கவா? அழவா? இறங்கி ஓடவா? ஸ்ரியறிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், காற்றே அடிக்காவிட்டாலும்.

“துர்க்கா!” பின்னாலிருந்து அம்மாவின் குரல். “என்ன பிள்ளை அவ்வளவு கதை? ஹலிபாக்ஸ் தானா ஓடி வராது!”

“வாறன் அம்மா... ஒரு நிமிசம்!”

அவன் ஓரடி பின்னால் வைத்தான். “கவனமாப் போயிட்டு வாங்க” என்றான். குரல் பாதியில் உடைந்தது. இவன் இப்படித்தான்... கூப்பிடாமல் ஓரடியும் வைக்கமாட்டான். கூப்பிட வேண்டியது யார் என்று அவளுக்கு இப்போது தெளிவாகத் தெரிந்தது. தன் தலைக்கு மேலே ஒருவரும் வேண்டாம் என்றுதான் அவள் இத்தனை நாளும் ஆசைப்பட்டாள். பக்கத்தில் ஒருவர் வேண்டும் என்பதை யோசிக்கவே இல்லை.

கண்ணாடிக்கு வெளியே எட்டி, அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். இந்த முறை தன்னை அறிந்தே பிடித்தாள்.

“சிவரூபன்... திரும்பி வந்தாப்பிறகு பாப்பம், கடிதம் போடுறன் எண்டு சொல்லிப்போட்டுப் போக எனக்கு ஏலாது. றோட்டு முடியிற இடத்திலை போய் நிண்டு, அம்மா என்ன சொல்லுவா எண்டு நான் யோசிச்சுக்கொண்டிருக்கமாட்டன். எனக்கு உங்களிலை விருப்பம். சரியான விருப்பம்... அம்மா பின்னாலைதான் இருக்கிறா. எஞ்சின் ஓடட்டும். பின்பக்கம் வந்து, கதவைத் தட்டி, என்னைத் தரச்சொல்லி அவவிட்டைக் கேளுங்கோ... இப்பவே... கேப்பீங்களோ?”